பச்சை மீன் சாப்பிட்ட ராத்திரி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, சிங்கப்பூரில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு ஜப்பானியக் கடையில் சாப்பிட்டுவிட்டு அவசரப் பிரிவில் போய்ப் படுத்த கதை நண்பர்கள் வட்டத்தில் பரவியதிலிருந்து, யாருக்குச் சூஷி சாப்பிட்டு வயிறு கலங்கினாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்குக்கூட. அந்த நாட்களில் டாக்டர்கள் சொன்னதையும் அதன்பின் நான் தேடிப் படித்ததையும் வைத்து, கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு என்னதான் ஆச்சு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அலுவலக நண்பர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் சால்மனும் சூரையும் சாப்பிட்டார்கள். நான் மட்டும் ‘ஷிமே சபா’ கேட்டேன். நம்ம கானாங்கெளுத்தியின் தூரத்துச் சொந்தக்கார மீனை உப்பில் போட்டு, வினிகரில் சிறிது நேரம் ஊற வைத்துப் பச்சையாகவே நறுக்கிக் கொடுப்பார்கள். தோல் வெள்ளிபோல் மின்னும், சதை ஓரத்தில் வெளுத்தும் நடுவில் சிவந்தும் இருக்கும். ருசியில் குறை சொல்ல முடியாது.

எட்டு மணிக்குச் சாப்பிட்டது. பன்னிரண்டரைக்கு மேல்வயிற்றில் யாரோ உள்ளேயிருந்து துணியைப் பிழிவதுபோல ஒரு வலி. ஐந்து நிமிடம் உயிரை எடுக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கும், திரும்ப வரும். ஒரு தடவை வாந்தி. பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்தேன். மூன்று மணிக்கு மனைவி டாக்சி பிடித்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் என் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே, “ராத்திரி பச்சையாக ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார். காலையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் சுவரில் வெள்ளையாக ஒரு நூல், ஒரு முனை சதைக்குள், மறுமுனை சுருண்டு ஆடிக்கொண்டு. சின்னக் கிடுக்கியால் பிடுங்கி எடுத்து ஒரு புட்டியில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அப்போதும் நெளிந்தது. அன்று மத்தியானமே கஞ்சி குடித்தேன்.

அதன் பெயர் அனிசாகிஸ். திமிங்கிலம், ஓங்கில் போன்ற கடல் பாலூட்டிகளின் வயிற்றில் வளர்கிற புழு. அதன் முட்டை கடலில் கலந்து, குட்டி இறால் இனங்களுக்குள் போய், அவற்றைத் தின்னும் மீனிலும் கணவாயிலும் குஞ்சாகக் காத்துக்கிடக்கும். போய்ச்சேர வேண்டியது திமிங்கிலத்தின் வயிற்றுக்கு. என்னுடையது வழி தவறி வந்த விருந்தாளி. மனிதனுக்குள் அது வளராது, சில நாளில் செத்துவிடும். ஆனால் அதுவரை குடைந்து பார்க்கும். சிலருக்கு அந்தப் புழுவே ஒவ்வாமையைக் கிளப்பி உடம்பெல்லாம் தடிக்க வைப்பதும் உண்டு.

மீன் ஃப்ரெஷ்ஷாக இருந்தால் ஒன்றும் ஆகாது அல்லவா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. நானும் அப்படித்தான் நம்பினேன். உடம்பு தேறியதும் அந்தக் கடைக்குப் போன் செய்தேன். மேலாளர் வருத்தப்பட்டார், கூடவே, “சார், அந்த மீன் முந்தின நாள்தான் ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்தது. ஐஸ்கட்டியில் வந்ததே தவிர உறைய வைக்கக்கூட இல்லை, அவ்வளவு ஃப்ரெஷ்” என்றார். தன் கடையைக் காப்பாற்ற அவர் சொன்ன வார்த்தைதான் எனக்கு என்ன நடந்தது என்று விளக்கியது. உறைய வைத்திருந்தால் புழு செத்திருக்கும்.

நாம் மீன் தெரிந்த ஜனம். செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கண் துருத்திக்கொண்டு இருக்கிறதா என்று பார்ப்போம், விரலால் அழுத்தினால் குழி எழும்புகிறதா என்று பார்ப்போம். தேக்கா மார்க்கெட்டில் என் மாமியார் மீன் வாங்குவதைக் கடைக்காரர்களே கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பார்கள். ஆனால் அந்த அறிவு முழுக்கக் குழம்புச் சட்டியை நம்பி வளர்ந்தது. புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க வைக்கப் போகிறோம் என்ற தைரியத்தில், மீன் கெட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மீனுக்குள் உயிரோடு என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழாது. புழுவுக்குச் செவுள் சிவப்பாக இருப்பதில் எந்த வருத்தமும் இல்லை. பச்சை மீன் நம் வீட்டில் புழங்காத பண்டம், அதனால் அதற்கான பாட்டி புத்தியும் நம்மிடம் இல்லை.

ஃப்ரெஷ் என்பது ஒரு விஷயத்தில் உதவும்: மீன் செத்த பிறகு இந்தப் புழுக்கள் குடலிலிருந்து சதைக்கு நகர்வதுண்டு. அதனால் பிடித்தவுடன் குடலை எடுத்துவிடுவது நல்லது. ஆனால் முன்னமே சதைக்குள் போய்விட்டது அங்கேயேதான் இருக்கும்.

சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தால், என்னவாக இருக்கும்?

போனில் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? மணியை வைத்துக் கண்டிப்பாகச் சொல்ல முடியாது, ஆனால் பாதி கதை அதிலேயே இருக்கிறது.

சாப்பிட்டு எழுவதற்குள், அல்லது ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை விண்ணென்று தெறித்து, நெஞ்சு படபடத்தால் ஹிஸ்டமின் ஆக இருக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வாந்தியாக எடுத்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி முன்னமே கக்கி வைத்த நச்சு. அது பெரும்பாலும் மீனிலிருந்து அல்ல, சூஷி பிடித்தவரின் கையிலிருந்து வந்திருக்கும். சில மணி நேரத்தில் பேதி இல்லாமல் மேல்வயிற்றில் பிடித்துப் பிடித்து வலித்தால் என் கதை.

பாதி நாள், ஒரு நாள் கழித்துத் தண்ணீராகப் பேதி, வயிற்றுப் பிடிப்பு, லேசான காய்ச்சல் என்றால் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பக்கம் சந்தேகம் போகும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் ‘ஷிராசு’ என்ற அரை உலர்ந்த பொடிமீனைத் தின்று 272 பேர் படுத்தார்கள், 20 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஃபுஜினோ சுனேசபுரோதான் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். காலராக் கிருமியின் சொந்தக்காரன். உப்புத் தண்ணீரில் வாழ்வது, வெதுவெதுப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகப் பெருகக்கூடியது. 1996இல் கொல்கத்தாவில் தலைகாட்டிய ஒரு வகை பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நல்ல தண்ணீர் இதற்கு ஆகாது. ஜப்பானில் கடல்மீனைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசச் சொல்வது அதனால்தான்.

பச்சைச் சிப்பி சாப்பிட்டு ஒன்றிரண்டு நாளில் குடும்பமே வாந்தி எடுத்தால் நோரோவைரஸ்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் பழி சொல்வோம், அதிலும் பச்சை மீன் என்றால் கேட்கவே வேண்டாம். சால்மொனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரும், நாலைந்து நாள் கழித்தும் வரும். நேற்றைய சூஷியைத் திட்டிக்கொண்டிருப்போம், குற்றவாளி முந்தாநாள் கல்யாண வீட்டு முட்டையாக இருக்கும்.

சூரை மீன் சாப்பிட்டதும் முகமெல்லாம் சிவந்து தடித்தது. இனி மீனே ஆகாதா?

என் மச்சானுக்கு அப்படியே நடந்தது. சூரையை வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுள்ளென்று இருந்ததாம், சூஷியோடு தரும் காரமான வசாபி விழுது என்று நினைத்திருக்கிறார். அரை மணியில் முகமும் கழுத்தும் தக்காளி நிறம். அன்றோடு மீன் அலர்ஜி என்று முடிவு கட்டி, நாலு வருடம் மீன் தொடாமல் இருந்தார். சிதம்பரத்துக்காரர், மீனில்லாமல் நாலு வருடம்! கடைசியில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு அலர்ஜியே இல்லை என்றார்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். பிடித்த மீனைக் குளிரில் வைக்காமல் விட்டால், கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியின்போது நம் உடம்பு சுரப்பதும் அதே ஹிஸ்டமின்தான், அதனால்தான் பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது. மீனைப் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது. உறைய வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. ஒரே ஆறுதல், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கும், அலர்ஜி மாத்திரைக்கும் கேட்கும். எது அலர்ஜி, எது ஹிஸ்டமின் என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம், டாக்டரிடம் விட்டுவிடுங்கள். மூச்சு முட்டினால், நாக்கோ உதடோ வீங்கினால் யோசிக்காமல் 995, சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்.

வினிகர், எலுமிச்சை, வசாபி, சாகே எல்லாம் கிருமியைக் கொல்லாதா?

கொல்லாது. என் புழு வினிகரில் குளித்துவிட்டு வந்ததுதான். வசாபி என்று தட்டில் வரும் பச்சை விழுது பல கடைகளில் நிறம் கலந்த குதிரைமுள்ளங்கி. சாகே என்ற ஜப்பானிய அரிசி மதுவைக் குடித்தால் வலி தெரிய நேரமாகும், அவ்வளவுதான்.

வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு நாமே சஷிமி (பச்சை மீன் துண்டுகள்) செய்யலாமா?

புழுவுக்கு உறைகுளிர் எமன். மீனின் நடுச்சதை வரை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு முழு நாள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சொல்லும் கணக்கு. அமெரிக்கர்கள் அதே குளிரில் ஏழு நாள் கேட்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18, அதுவும் பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்காக நாளுக்குப் பத்துத் தடவை திறந்து மூடும் பெட்டி. நான் நம்பமாட்டேன். இன்னொன்று, உறைய வைப்பது புழுவைத்தான் கொல்லும். கிருமிகள் தூங்கிவிட்டு, மீன் இளகியதும் எழுந்துகொள்ளும்.

‘சஷிமி கிரேட்’ என்ற சீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அமெரிக்காவில் அதற்குச் சட்ட வரையறையே கிடையாது, வியாபாரிகளின் வார்த்தை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது உறைய வைத்து வந்ததா, பண்ணையில் வளர்ந்ததா? பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்த அட்லான்டிக் சால்மனில் அனிசாகிஸ் பயம் மிகக் குறைவு. ஜப்பானியர்களே முன்பு தங்கள் கடல் சால்மனைப் புழுவுக்குப் பயந்து பச்சையாகச் சாப்பிட்டதில்லை. 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணைச் சால்மனை அங்கே விற்கப் பாடுபட்ட பிறகுதான் சால்மன் சூஷியே வந்தது.

2015இல் சிங்கப்பூரில் பச்சை மீனால் ஏதோ பெரிய பிரச்சினை என்றார்களே, அது என்ன?

அப்போது இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். உணவங்காடி நிலையங்களில் சீனர் கடைகளில் கஞ்சியோடு ஒரு சின்னத் தட்டு தருவார்கள்: மெல்லிசாகச் சீவிய பச்சை மீன், மேலே நல்லெண்ணெய், இஞ்சி, மிளகாய், வெள்ளை எள். பெயர் யூ ஷெங். சிலர் அப்படியே சாப்பிடுவார்கள், சிலர் கொதிக்கிற கஞ்சியில் முக்கிச் சாப்பிடுவார்கள். பல கடைகளில் அதற்குப் பயன்பட்டவை இரண்டு நன்னீர் மீன்கள்: சோங் என்ற பெரிய தலைக் கெண்டை, தோமான் என்ற விரால் இனம்.

அந்த வருடம் மருத்துவமனைகளில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டது. சாதாரணமாக அது பிறந்த குழந்தைகளையும், வயதானவர்களையும், சர்க்கரை நோயாளிகளையும் தேடிப் போகும் கிருமி. இந்த முறை வேறு நோயே இல்லாத நடுவயதுக்காரர்களுக்கும் வந்தது. ரத்தத்தில் கிருமி, மூளைச்சவ்வில் அழற்சி, மூட்டில் சீழ். வருடத்தில் பதிவான சுமார் 360 பேரில் 150 பேர் அளவுக்குப் பச்சை மீனோடு தொடர்பு தெரிந்தது. எஸ்டி283 என்ற ஒரு குறிப்பிட்ட வகைதான் காரணம். இந்தக் கிருமி சாப்பாடு வழியாகப் பரவி இப்படி ஒரு நோய்ப்பரவலை உண்டாக்கும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஜூலையில் சோங்கையும் தோமானையும் பச்சையாகப் பரிமாற வேண்டாம் என்று கடைக்காரர்களிடம் சொன்னார்கள். நோயாளிகள் குறைந்தார்கள். டிசம்பர் 5, 2015 அன்று, சாப்பிடத் தயாராக விற்கும் பச்சை மீன் உணவில் நன்னீர் மீன் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. பின்னால் ஆராய்ந்தபோது தாய்லாந்து, லாவோஸ், வியட்னாம் என்று தென்கிழக்காசியா முழுக்க மனிதர்களிடமும் திலாப்பியா மீன்களிடமும் அதே எஸ்டி283 இருந்தது தெரிந்தது.

இந்த நோயில் வயிறு முக்கியமில்லை என்பதைக் கவனியுங்கள். வாந்தி பேதியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவோம். குளிர்காய்ச்சல், கழுத்து விறைப்பு, ஒரு மூட்டு மட்டும் வீங்கி வலிப்பது, பேச்சில் தடுமாற்றம், இவைதான் வரும். அப்போது, “போன வாரம் பச்சை மீன் சாப்பிட்டேன்” என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கும் மீனுக்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றாமல் போகலாம்.

அப்படியானால் சீனப் புத்தாண்டில் லோ ஹே?

லோ ஹே என்பது பச்சை மீனையும் சீவிய காய்கறியையும் எல்லாரும் சேர்ந்து கிளறிக் கலந்து சாப்பிடும் புத்தாண்டுத் தட்டு. அதில் பெரும்பாலும் சால்மன், கடல்மீன். தடை நன்னீர் மீனுக்குத்தான். நல்ல கடையில், குளிரிலிருந்து எடுத்தவுடன் கலந்து சாப்பிட்டால் நான் தடுக்க மாட்டேன். அலுவலகத்தில் பத்து மணிக்கே தட்டைப் பிரித்து வைத்துவிட்டு, முதலாளி வரும்வரை மத்தியானம் வரை காத்திருக்கும் லோ ஹேயில் நான் காரட்டை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

வாந்தி பேதி ஆரம்பித்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

தண்ணீர். ஒரே மூச்சில் இல்லை, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு மடக்கு. மருந்துக்கடையில் உப்புசர்க்கரைப் பொடி வாங்க ஆள் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவை மாற்றாதீர்கள். வாந்தி நின்றதும் உப்புப் போட்ட நீர்க்கஞ்சி. வெறும் குளிர்பானம் பேதியைக் கூட்டும்.

உப்புத் தண்ணீரைக் கட்டியாகக் கரைத்துக் குடித்து வாந்தி எடுக்கச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வேண்டாம், ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே ஆபத்தாகும். ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம். போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் இருந்தால் அது மிச்சமாகவே இருக்கட்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பேதியில் ரத்தம். குடித்த தண்ணீர்கூட நிற்காத வாந்தி. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. மூட்டை மூட்டையாகப் போர்த்தினாலும் அடங்காத நடுக்கம். பொறுக்க முடியாத மேல்வயிற்று வலி. இவற்றில் எதுவந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உதடும் விரல்நுனியும் மரத்து, கைகால் சோர்ந்தால் அது வேறு வகை, பேத்தை மீனின் நஞ்சு அப்படித்தான் தொடங்கும், நிமிடக்கணக்கு. ஆம்புலன்ஸ்தான்.

ஈரல் நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பச்சைச் சிப்பியைத் தொடாதீர்கள். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி மற்றவர்களை மிரட்டிவிட்டுப் போகும், ஈரல் கெட்டவர்களை ஒன்றிரண்டு நாளில் கொண்டுபோய்விடும். கர்ப்பிணிகளும் பச்சை மீனையும் புகையூட்டிய சால்மனையும் பத்து மாதம் தள்ளி வைப்பது நல்லது. அதில் வரக்கூடிய லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், வாரக்கணக்கில் கழித்துக்கூட நோயைக் காட்டும்.

கடைமேல் புகார் கொடுக்கலாமா? நிரூபிக்க முடியுமா?

கொடுக்கலாம். சிங்கப்பூர் உணவு அமைப்புக்கு இணையத்தில் எழுதலாம். ரசீது, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, கூட இருந்தவர்களில் யாருக்கு என்ன, இதைக் குறித்து வைத்தால் போதும். மிச்சத்தைக் கட்டி வந்திருந்தால் எறியாமல் ஃப்ரிட்ஜில் மூடி வையுங்கள். மருத்துவச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் வயிற்றுப்போக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதே கடையிலிருந்து நாலு பேர் எழுதினால்தான் கோடு தெரியும். அதுவரை முகநூலில் கடை பெயரைப் போட்டுக் கிழிக்க வேண்டாம். நான் போடவில்லை. அந்த மேலாளர் மறுமாதம் கூப்பிட்டு, சபாவை இனி உறைய வைத்துத்தான் வாங்குகிறோம் என்றார். உண்மையா என்று போய்ப் பார்க்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

விரால் குழம்பு வைக்கலாமா? அதையும் விட்டுவிட வேண்டுமா?

தாராளமாக வையுங்கள். கொதித்த குழம்பில் எஸ்டி283 பிழைக்காது, புழுவும் பிழைக்காது. மீன் வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நீங்கள் சூஷி சாப்பிடுகிறீர்களா?

சால்மன் சாப்பிடுகிறேன். சபாவை நெருப்பில் வாட்டித்தான் கேட்கிறேன். போன மாதம் ஒரு கடையில் பரிமாறுகிற பெண், “ஷிமே சபா இன்றைக்குத்தான் வந்தது, ரொம்ப ஃப்ரெஷ்” என்று ஆசையாகச் சொன்னாள். மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள்.